புறாவுக்குன்னு வாங்குன ஏர் ரைஃபிள்: நாலு வருசம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். சுத்தி ரப்பர் விளை, மொட்டை மாடில நல்லமிளகும் பாக்கும் காயப்போடுவோம், பின்னால ரப்பர் ஷீட் காயப்போடுற புகைப்புரை. 2021 தொடக்கத்துல ஒரு கூட்டம் மாடப்புறா வந்து புகைப்புரை கூரைக்கு அடில குடியேறிச்சு, காலைல போய் பாத்தா தொங்கப்போட்ட ஷீட் எல்லாத்துலயும் எச்சம். ஷீட்டுல அழுக்கு பட்டா கடைல கிரேடு குறைச்சுத்தான் எடுப்பாங்க, கிலோவுக்கு போறது நம்ம பைசா. அந்த கடுப்புல ஒரு ஏர் ரைஃபிள் ஆர்டர் போட்டேன். கன் பத்தி அப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாது, புறா சுடணும், பவர் கூடுதலா இருக்கணும், அவ்வளவுதான் மனசுல.

கன் வர்றதுக்குள்ள எங்க மாமா வீட்டுக்கு வந்தாரு. வனத்துறைல வாட்சரா இருந்து ரிட்டயர் ஆனவரு. விசயத்த சொன்னதும் மொகம் மாறிட்டு. "மருமவனே, அத வச்சு பறவைய சுடப்பிடாது கேட்டியா. 72-ல வந்த வன உயிர் பாதுகாப்பு சட்டம், மணிப்புறா மேல ஒரு குண்டு பட்டாலும் கேஸு. நீ மாடப்புறான்னு நெனச்சு சுடுவ, விழுறது எதுன்னு எடுத்து பாக்கும்போதுதான் தெரியும். அதும் ஒரே அடில சாகாது, செறகு ஒடிஞ்சு ரப்பர் மூட்டுல கெடந்து மூணு நாள் துடிக்கும், நான் பாத்திருக்கேன்." கடைசியா சொன்னதுதான் எனக்கு உள்ள போச்சு. மறுநாளே மார்த்தாண்டத்துல நைலான் வலை வாங்கிட்டு வந்து புகைப்புரை கூரை இடுக்கு பூரா கட்டினேன். ரெண்டு நாள் வேலை. புறா வேற எடம் பாத்து போயிட்டு, இன்னைக்கு வரைக்கும் வரல. புறா தொல்லைக்கு கன் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல வலை வாங்குங்க, செலவு கன்னுல பத்துல ஒரு பங்கு கூட வராது.

கன் வந்து சேந்திட்டு, திருப்பி அனுப்ப மனசில்ல. பின்பக்கம் பத்து மீட்டர் அளந்து அட்டைல சுட ஆரம்பிச்சேன், அப்போ 12 வயசு இருந்த என் மகளும் சேந்துகிட்டா. நாலு வருசம் ஆச்சு, வாரத்துல மூணு நாள் வைகிட்டு அம்பது அம்பது ஷாட். அந்த அனுபவம்தான் இது. கன்னோட பிராண்ட் பேரு எழுதல, ஏன்னா நான் பட்டதுல பாதி என் கை பண்ணதுதான், அத ஒரு கம்பெனி தலைல கட்டக்கூடாது.

சட்டம் என்னன்னு முதல்ல சொல்லிருதேன். 2016 ஆயுத விதிகள் படி 4.5 மில்லிமீட்டர் காலிபர் (குழல் ஓட்டை அகலம்), அதாவது பாயிண்ட் 177 அங்குலம், அதும் குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். 5.5 மில்லிமீட்டர், பாயிண்ட் 22-ன்னு சொல்றது, அதுக்கு லைசென்ஸ் வேணும். ஆதார் காப்பி குடுத்துதான் நான் வாங்கினேன், பில்ல லேமினேட் பண்ணி கன் பையிலயே போட்டு வச்சிருக்கேன். லைசென்ஸ் வேண்டாம்னதுக்காக தோள்ல மாட்டிட்டு பேச்சிப்பாறை பக்கமோ தேரூர் குளத்துக்கரைக்கோ நடந்து போகலாம்னு நெனைக்காதீங்க. நம்ம மாவட்டத்துல சரணாலயம் இருக்கு, சுசீந்திரம் தேரூர் குளங்க 2022-ல ராம்சார்ங்குற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்தது, அந்த பக்கம் கன்னோட ஒருத்தன் நின்னாலே வேற அர்த்தம்தான்.

இனி பவர். விளம்பரத்துல ஆயிரம் அடி வேகம், ஆயிரத்து இருநூறு அடி வேகம்னு போட்டிருப்பான், நானும் அத பாத்துதான் வாங்கினேன். ஒலிம்பிக்ல பத்து மீட்டர் சுடுற மேட்ச் ரைஃபிள் குண்டு செகண்டுக்கு சுமார் 170 இல்லன்னா 180 மீட்டர் வேகத்துலதான் போகுது, அடில சொன்னா அறுநூறு கூட வராது. அந்த வேகத்துலதான் அட்டை நடுவுல அரை மில்லிமீட்டர் அகலமுள்ள பத்தாம் புள்ளிய அடிக்கிறாங்க. 2008-ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் அடிச்சதும் இந்த பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்லதான், இன்னைக்கு நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் சுடுறதும் அதே ஐட்டம்தான். என்னோடது ஸ்பிரிங் கன், உள்ள இருக்க ஸ்பிரிங் பிஸ்டன தள்ளி காத்த அமுக்கி குண்ட அனுப்பும். பவர் கூடின ஸ்பிரிங் கன்ல என்ன ஆகும்னா பேரலை மடக்கி காக் பண்றதுக்கே, அதாவது ஸ்பிரிங்க இழுத்து பூட்டுறதுக்கே, நல்ல கை பலம் வேணும், இருபது ஷாட்டுக்குள்ள தோள் கடுக்க ஆரம்பிக்கும், கடுத்த கையால குறி வச்சா குண்டு எங்கயோ போகும். என் மகளால முதல் ஆறு மாசம் அத மடக்கவே முடியல, நான்தான் மடக்கி குடுத்தேன். நானே மடக்குறப்போ ஒரு நாள் வேர்வைல பேரல் வழுக்கி டப்புன்னு திரும்பிச்சு, நல்ல வேளை பிள்ள விரல் உள்ள இல்ல. குண்டு போட்டு மூடுற வரைக்கும் ஒரு கையால பேரல கெட்டியா பிடிச்சிட்டுத்தான் இருக்கணும், இந்த ஒண்ணுல மட்டும் அசந்திரக்கூடாது. இப்போ புதுசா வாங்குறதா இருந்தா பவர் குறைஞ்ச, வெயிட் குறைஞ்ச, லேசா மடங்குறதுதான் வாங்குவேன். கடைக்கு நேர்ல போக முடிஞ்சா போய் பத்து தடவ மடக்கி பாருங்க, பத்தாவது தடவயும் முதல் தடவ மாதிரியே இருந்தா எடுங்க. காக் பண்ணிட்டு குண்டு இல்லாம மட்டும் சுடாண்டாம், காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் போய் மோதி சீலும் ஸ்பிரிங்கும் கேடாகும்.

குண்டு விசயம்தான் ரொம்ப முக்கியம், இத யாரும் எனக்கு சொல்லித்தரல. கன்னோட ஒரு டப்பா ஓசியா வந்தது, அது தீந்ததும் அதே மாதிரி விலை குறைஞ்சது நாலு டப்பா வாங்கினேன். மூணு மாசமா மேசைல மணல் மூட்டை போட்டு அதுல கன்ன வச்சு சுட்டாலும் அஞ்சு குண்டு ஒரு தீப்பெட்டிக்குள்ளதான் நின்னது, அதுக்கு கீழ சுருங்கவே இல்ல. என் கைதான் சரியில்லன்னு நெனச்சு நெனச்சு மூச்சு பிடிச்சு பழகினேன். ஒரு நாள் ஒரு டப்பாவ வெள்ளை தட்டுல கொட்டி மகளோட லென்ஸ் வச்சு பாத்தேன். குண்டோட பின்பக்கம் பாவாடை மாதிரி விரிஞ்சிருக்கும் பாருங்க, அதுல பத்துல மூணு சப்பி போயிருக்கு, சிலதுல ஈயப் பிசிறு ஒட்டியிருக்கு, கண்ணாடில உருட்டி விட்டா நேரா ஓடாம ஒரு பக்கமா வளைஞ்சு ஓடுது. அந்த பாவாடைதான் பேரல்குள்ள காத்த அடைக்கிறது, அது சப்பினா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகம். அப்புறம்தான் ஆர்டபிள்யூஎஸ் கம்பெனி தட்டைத் தலை குண்டு ஒரு டப்பாவும் எச் அண்ட் என் கம்பெனிது ஒரு டப்பாவும் வாங்கினேன். மொதல் அஞ்சு ஷாட், அதே மேசை, அதே மணல் மூட்டை, அதே கை. அட்டைய போய் பாத்தா என் பெருவிரல் நகம் மறைக்கிற அளவுக்கு ஒரே ஓட்டை. மகள கூப்பிட்டு காட்டினேன், அவ நம்பல, அவளே ஒக்காந்து அஞ்சு சுட்டா, அவளுதும் அப்படித்தான். ஒவ்வொரு பேரலுக்கும் ஒவ்வொரு குண்டு ஒத்து வரும், அதனால மொத்தமா வாங்காம ரெண்டு மூணு வகைல ஒவ்வொரு டப்பா வாங்கி அஞ்சு அஞ்சா சுட்டு பாருங்க. எனக்கு ஆர்டபிள்யூஎஸ் ஒத்து வந்தது, அதுலயே நிக்கேன். அட்டைல சுடுறதுக்கு தட்டைத் தலைதான், ஓட்டை வட்டமா வெட்டி எடுத்த மாதிரி விழும், ஸ்கோர் எண்ண சுகம். ஒண்ணு, குண்டு ஈயம். சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் வேற எதையும் தொடணும், பிள்ளைங்க இருக்க வீட்டுல இதுல விட்டுக்கொடுக்காதீங்க.

பிடிக்கிறதும் சொல்லணும். ஸ்பிரிங் கன் சுடும்போது முதல்ல பின்னால தள்ளும், உடனே முன்னால இழுக்கும், குண்டு பேரல விட்டு வெளிய போகுறதுக்குள்ள இது நடக்கும். அதனால அமுக்கி பிடிச்சா பிடிக்கு பிடி குண்டு மாறும். முன்கைய கோழிக்குஞ்ச ஏந்துற மாதிரி விரிச்சு வச்சு அதுல கன்ன சும்மா ஒக்கார விடணும், அது துள்ளுற மாதிரி துள்ளட்டும். இது பிடிபட எனக்கு ஒரு வருசம் ஆச்சு.

ஸ்கோப், அதான் கன் மேல மாட்டுற குறி பாக்குற தொலைநோக்கி, வாங்காண்டாம். ஒரு கடைல எல்லா கன்னுக்கும் செட் ஆகும்னு சொல்லி ஒண்ண தந்தாங்க, அந்த முன்பின் துள்ளல்ல ரெண்டே மாசத்துல உள்ள இருக்க குறுக்கு கோடு தளந்து சாஞ்சிட்டு, கொண்டுபோய் கேட்டா கேரண்டி இல்லன்னுட்டாங்க. ஸ்பிரிங் ஏர் கன்னுக்குன்னே செஞ்ச ஸ்கோப் இருக்கு, அது விலை கூடுதல். கன்னோட வர்ற திறந்த சைட்டே (குறி பாக்குற முள்ளும் பள்ளமும்) பத்து மீட்டருக்கு போதும், பழகினப்புறம் ஓட்டை வழியா பாக்குற பீப் சைட் போடலாம்.

குண்டு போய் விழுற பெட்டிக்கு கடைல இரும்புல விக்கான், நான் வீட்டுலயே செஞ்சேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளைவுட் பெட்டி, முக்கால் அடி ஆழம், பின்பக்கம் ரெண்டு பிளைவுட் ஒட்டினது. உள்ள என்ன போடலாம்னு மணல், பழைய துணி எல்லாம் போட்டு பாத்தேன். மணல் ஓட்டை வழியா சிந்துது, துணி கொஞ்ச நாள்ல நடுவுல குழிஞ்சு போகுது. கடைசில ஒட்டுப்பால் போட்டேன். ரப்பர் வெட்டுறவங்களுக்கு தெரியும், மரத்துல வெட்டுன காயத்துலயும் சிரட்டைலயும் காஞ்சு ஒட்டியிருக்கதை உரிச்சு எடுக்கிறது. நல்லா காஞ்சத நெருக்கமா அடுக்கி முன்னால பழைய ஷீட் ஒண்ண ஆணி அடிச்சு விட்டேன். குண்டு டொப்புன்னு போய் அதுக்குள்ள புதைஞ்சிரும், திரும்பி வராது, சத்தமும் இல்ல. ஷீட்டுல ஓட்டை தானா மூடிக்கிடும். ஒட்டுப்பால் நாத்தம் இருக்கத்தான் செய்யும், பெட்டி வெளியத்தானே கெடக்கு. நாலு வருசத்துல ஷீட் மூணு தடவ மாத்தினேன், ஒட்டுப்பால் ஒரு தடவ. உள்ள இருந்து எடுத்த ஈயம் மட்டும் ஒரு பழைய பெயிண்ட் டப்பா நிறைய இருக்கு. ஒண்ணு கவனிக்கணும், குண்டு சுட்ட ஒட்டுப்பால திரும்ப கடைல எடைக்கு போடப்பிடாது, அதுல ஈயம் இருக்கு.

அடுத்தது நம்ம ஊரு ஈரம். சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் இருக்கவங்க ரைஃபிள உறைல போட்டு வைங்கன்னு சொல்வாங்க, இங்க அது ஆகாது. ஜூன்ல ஒரு மழை, ஐப்பசில ஒரு மழை, நடுவுலயும் விட்டு விட்டு. முதல் வருச மழைல ரெண்டு வாரம் ஸ்பாஞ்ச் வச்ச உறைக்குள்ள போட்டு அலமாரில வச்சிட்டேன், எடுத்து பாத்தா பேரல் நுனில இருந்து ஒரு சாண் நீளத்துக்கு செம்மண் தேச்ச மாதிரி துரு. ஸ்பாஞ்ச் ஈரத்த குடிச்சு வச்சு பேரல்லயே ஊட்டியிருக்கு. தொடச்சு எடுத்தேன், ஆனாலும் அந்த எடத்துல கறுப்பு பாலீஷ் போனது போனதுதான். அதுக்கப்புறம் உறை வெளிய கொண்டு போறதுக்கு மட்டும். வீட்டுல காத்து படுற மாதிரி உள் அறைல பூட்டுற பீரோவுல நிறுத்தி, சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போட்டு, சுட்டு முடிச்ச ஒவ்வொரு நாளும் எண்ணெ தொட்ட துணியால வெளிப்பக்கம் ஒரு தடவல். கை வேர்வை பட்ட எடத்துலதான் முதல்ல துரு பிடிக்கும். கடற்கரை பக்கம் கொளச்சல், முட்டத்துல எல்லாம் இருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும்.

அந்த துருவ பாத்த பயத்துல இன்னொரு தப்பு பண்ணேன். தையல் மிஷின் எண்ணெய எடுத்து காத்து வர்ற ஓட்டை வழியா உள்ளயும் நாலு சொட்டு விட்டேன். அடுத்த ஷாட் வெடி மாதிரி சத்தம், பேரல் வாயில நீலப் புகை, கருகின நாத்தம். பிஸ்டன் காத்த அமுக்குற சூட்டுல எண்ணெ பத்திக்கிடுது, டீசல் எஞ்சின்ல நடக்குறதுதான். குண்டு அட்டையவே தாண்டி மேல போய் பெட்டி ஓரத்துல அடிச்சிருக்கு. அப்படி நாலஞ்சு தடவ ஆனா சீல் கருகிரும், எனக்கு சீல் மாத்த வேண்டியதாச்சு. உள்ள எண்ணெ விடவே விடாதீங்க, வெளிய மட்டும்.

ரெண்டாவது வருசம் அட்டை சுட்டு மகளுக்கு போரடிச்சிட்டு. தக்கலைல ஒரு வெல்டிங் பட்டறைல சொல்லி தகரத்துல புறா உருவம் ஆறு வெட்டி வாங்கினோம், அடில கீல் போட்டு பட்டா பின்னால சாயுற மாதிரி. வெளிநாட்டுல ஃபீல்டு டார்கெட்னு ஒரு போட்டியே இப்படித்தான் நடக்குது. முதல் நாள் பத்து மீட்டர்ல வச்சு சுட்டதும் ஈயத்துண்டு ஒண்ணு திரும்பி வந்து என் கன்னத்துல பட்டது, பொட்டு மாதிரி ரத்தம். அரை அங்குலம் மேல போயிருந்தா கண்ணு. அன்னைக்கு ரெண்டு பேரு மொகத்துலயும் கண்ணாடி இல்ல, மகள் எனக்கு அடுத்துத்தான் நின்னா, அத நெனச்சா இப்பவும் வயித்த கலக்கும். மறுநாளே பாலிகார்பனேட் சேஃப்டி கண்ணாடி ரெண்டு வாங்கினேன், ஒண்ணு நூத்தி சொச்சம் ரூபாதான். தகரப்புறாவ இருபது மீட்டருக்கு தள்ளி, கொஞ்சம் முன்னால சாய்ச்சு வச்சேன், செதறுற ஈயம் தரையப் பாத்து போகும். ஆடி மாசக் காத்துல இருபது மீட்டர் சுடுறது ஒரு தனி பாடம். ஆரல்வாய்மொழில மச்சான் வீட்டுக்கு கொண்டு போய் அவன் விளைக்குள்ள சுட்டப்போ தட்டைத் தலை குண்டு ஒரு விரக்கடை தள்ளி போச்சு, உருண்ட தலை குண்டுக்கு அவ்வளவு காத்து பிடிக்கல.

உண்மையான புறா ஷூட்டிங்னா களிமண் புறா, 110 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன தட்டு, மிஷின் எறிய எறிய 12 போர் துப்பாக்கியால பறக்குறப்பவே ஒடைக்கணும். 1900 பாரிஸ் ஒலிம்பிக்ல உசுருள்ள புறாவையே சுட்டிருக்காங்க, இப்போ தட்டுதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கினதும், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரைக்கும் போனதும் அந்த தட்டுலதான். ஆசை இருக்கவங்க இருக்கலாம், ஆனா அதுக்கு லைசென்ஸ், ரேஞ்ச், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு தோட்டா, ஆரம்பத்துல அது தாங்காது. நிதானமும் ட்ரிகர் பழக்கமும் ஏர் ரைஃபிள்லயே வரும்.

செலவு சொல்லணும்னா கன் 12,000 சொச்சம், இந்த நாலு வருசத்துல குண்டுக்கு மட்டும் கன் விலைய விட கூடுதலா ஆயிட்டு. முதல் நாளே தெரிஞ்சிருந்தா கன்னுக்கு 8,000 போட்டு மிச்சத்த நல்ல குண்டுக்கும் கண்ணாடிக்கும் வச்சிருப்பேன். போன மாசம் மெயின் ஸ்பிரிங் மாத்தினேன், பழசு ரெண்டு சுத்து வளைஞ்சிருந்தது. புதுசு போட்டதும் குண்டு ஒரு விரல் மேல போகுது, சைட்ட திரும்ப வைக்கணும். மகளுக்கு இப்போ 16, அவளே தனியா மடக்குறா. ஞாயித்துக்கிழமை மழை விட்டா அவதான் ஒக்காந்து சைட் வைக்கப்போறா, நான் அட்டை மாத்திக் குடுக்கேன்.