நிகோடின் சூயிங்கமும் 1800-11-2356 உதவி எண்ணும்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீடு

புகைப்பதை நிறுத்துவதற்காக மருந்துக் கடைகளில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கத்தைப் பற்றி வாங்கியவர்கள் எழுதும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வகையாகவே இருக்கின்றன. "அருமை, உடனே நிறுத்திவிட்டேன்" என்பது ஒன்று. "காசுக்குக் கேடு, தொண்டை எரிந்ததுதான் மிச்சம்" என்பது மற்றொன்று. நெடுங்காலம் புகைத்து, இந்தச் சூயிங்கத்தையும் அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனையையும் துணையாகக் கொண்டு அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொண்டை எரிந்தது என்று எழுதுபவர்களில் பலருக்கு மெல்லும் முறையை யாருமே சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அதைத் தனியாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவருக்கு அதன் பயனில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சிகரெட்டை இழுத்ததும், புகையிலையில் உள்ள போதைப் பொருளான நிகோடின் நுரையீரல் வழியாக 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது; அந்த வேகம்தான் பழக்கத்தை அவ்வளவு ஆழமாக வேரூன்றச் செய்கிறது. சூயிங்கமோ அதே நிகோடினை, தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல், வாயின் உட்புறச் சவ்வு வழியாகச் சிறிது சிறிதாக, அரை மணி நேரத்துக்குப் பரப்பித் தருகிறது. எனவே இழுத்தவுடன் கிடைக்கும் அந்த நிறைவை இதில் எதிர்பார்ப்பவர் முதல் நாளே ஏமாந்துபோவார். தவிப்பின் கூர்மையை மழுக்கி, அந்தச் சில நிமிடங்களைக் கடந்துபோக வைப்பதுதான் இதன் வேலை. உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் சூயிங்கம் உள்ளிட்ட நிகோடின் மாற்று மருந்துகளை 2009-இல் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் 2018-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, புகைப்பதை நிறுத்துவதில் வெற்றி பெறும் வாய்ப்பை இந்த மருந்துகள் 50 முதல் 60 சதவீதம் வரை கூட்டுகின்றன என்று கண்டது. வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதுதான் அதன் பொருளே தவிர, மென்றவர் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள் என்பதல்ல.

இனி மெல்லும் முறைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பொருளின் வெற்றியும் தோல்வியும் இதில்தான் இருக்கின்றன. அட்டையின் பின்புறப் படலத்தை அழுத்தித் துண்டை வெளியே எடுத்து வாயில் போட்டால், சாதாரணச் சூயிங்கத்தைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். மெதுவாக, ஒரு கடிக்கும் அடுத்த கடிக்கும் இடையில் பொறுத்து மெல்ல வேண்டும். சற்று நேரத்தில் புதினா வாசனைக்கு அடியிலிருந்து மிளகைக் கடித்தது போன்ற ஒரு காரமும், ஈறில் ஒரு சுருசுருப்பும் எழும். அந்த இடத்தில் மெல்லுவதை நிறுத்திவிட வேண்டும். வெற்றிலை போடுபவர்கள் செய்வதைப் போலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, சுருசுருப்பு அடங்கும்வரை மெல்லாமல் இருக்க வேண்டும். அடங்கியதும் மறுபடி நாலைந்து கடி. பிறகு மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்கல். இப்படியே ஏறத்தாழ 30 நிமிடங்கள் போனால், கடித்தாலும் காரம் எழாத நிலை வரும், அப்போது துப்பிவிடலாம். துப்பியதிலும் நிகோடின் எஞ்சியிருக்கும் என்பதால் காகிதத்தில் சுற்றி, குழந்தைகள் கைக்கும் வளர்ப்பு விலங்குகள் வாய்க்கும் எட்டாதபடி குப்பையில் போட வேண்டும்.

சாதாரணச் சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்றால் என்ன ஆகும்? நிகோடின் முழுவதும் ஒரேயடியாக உமிழ்நீரில் கரைந்து வயிற்றுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடுவதால் தவிப்பு அடங்காது. விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான் மிஞ்சும். "தொண்டை எரிந்தது" என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுவே. நான் முதன்முதலாக வாங்கிய கடையில், "தம் அடிக்கணும்னு தோணும்போது ஒண்ணு எடுத்து மென்னுக்கோங்க சார், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சில்லறையை எண்ணித் தந்தார்கள். அட்டையில் இருந்த சிறிய எழுத்துகளில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. மருந்தாக விற்கப்படும் ஒன்றுக்கு இது போதாது.

தேநீர் விஷயத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சிகரெட்டும் தேநீரும் ஒரே கடையில், ஒரே பெஞ்சில், ஒரே நேரத்தில் நடப்பவை. நிகோடின் வாயின் சவ்வு வழியாக உள்ளே செல்ல வாயில் காரத்தன்மை (மிளகின் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) இருக்க வேண்டும். அதற்கென்றே சூயிங்கத்தில் கார உப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள். காப்பி, தேநீர், எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் ஆகியவை வாயை அமிலத்தன்மைக்கு மாற்றி, உறிஞ்சுதலை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. எனவே மெல்லுவதற்கு 15 நிமிடங்கள் முன்பிருந்தும், மெல்லும் நேரம் முழுவதும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. டீக்கடையில் நண்பர்கள் பற்றவைக்கும்போது, கையில் கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்பவர், மிகக் கடினமான அந்த நேரத்தில்தான் மருந்தைச் செயலிழக்கச் செய்துகொள்கிறார். கடைக்குப் போவதற்குப் போதிய நேரம் முன்பே மென்று முடித்துவிடுவதும், தொடக்க வாரங்களில் தேநீரை வீட்டிலோ அலுவலகத்திலோ குடிப்பதும் நல்ல பலன் தருகின்றன.

அளவைப் பொறுத்தவரை 2 மி.கி., 4 மி.கி. என இரண்டு உண்டு. தூங்கி எழுந்து 30 நிமிடங்களுக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்கு 4 மி.கி.; மற்றவர்களுக்கு 2 மி.கி. என்பது பொதுவான அளவுகோல். இந்தியாவில் 2 மி.கி. மருத்துவரின் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, 4 மி.கி.-க்குச் சீட்டு தேவை. விளைவு என்னவென்றால், பழக்கம் மிகக் கடுமையாக உள்ளவர்கள் எளிதில் கிடைக்கும் 2 மி.கி.-ஐ வாங்கி, போதாமல் தவித்து, இது பயன்படாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். என் அண்ணன் அப்படி ஒதுக்கிவிட்டவர்தான். பிறகு நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர் அவர் எழுந்தவுடன் புகைப்பதைக் கேட்டறிந்து 4 மி.கி. எழுதித் தந்த பிறகே அவருக்குப் பிடி கிடைத்தது. இன்னொன்று: தவிப்பு வந்த பிறகு தேடுவதைவிட, முதல் ஆறு வாரங்களில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று எனக் கணக்காக எடுத்து, அடுத்த மூன்று வாரங்களில் இரண்டு முதல் நான்கு மணி நேரம், அதற்கடுத்த மூன்று வாரங்களில் நான்கு முதல் எட்டு மணி நேரம் என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வகுக்கப்பட்ட முறை.

பல்செட் அணிந்தவர்களுக்கு இது ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் ஒத்துவராது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இப்போது உதவி எண். 1800-11-2356 என்ற தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 2016-இல் டெல்லியில் உள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. 2018 செப்டம்பர் முதல் சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணும் அச்சிடப்படுகிறது. அதாவது, புகைப்பவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. அழைத்துப் பார்த்தவர்களை நான் அரிதாகத்தான் சந்தித்திருக்கிறேன். பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று அறிவுரை சொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுகிறார், தமிழிலேயே பேசுகிறார். தென்மாநில மொழிகளுக்கான ஆலோசனை பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் மையத்திலிருந்து தரப்படுகிறது. கட்டணம் எதுவும் இல்லை.

என்னிடம் பேசியவர் புற்றுநோய் வரும் என்று தொடங்கவே இல்லை. "காலைல முதல் சிகரெட் எப்ப சார்? டீக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றுதான் தொடங்கினார். அன்றாடத்தில் எந்தச் சிகரெட்டை விடுவது மிகக் கடினம், அப்போது யார் உடன் இருப்பார்கள், கையில் என்ன வேலை இருக்கும், முன்பு நிறுத்தியபோது எது திரும்ப இழுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் சொல்லச் சொல்ல என் நாளின் வரைபடம் ஒன்றை என்னையே வரைய வைத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிந்தைய சிகரெட்தான் கடினம் என்றதும், "சாப்பிட்டு முடிச்ச உடனே அந்த இடத்த விட்டு எந்திரிச்சிருங்க சார், வாய் கொப்பளிங்க, அஞ்சு நிமிஷம் நடங்க, அந்த ஆசை அதுக்கு மேல நிக்காது" என்றார். அது உண்மை. தவிப்பின் ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. எரிச்சல், தூக்கக் குலைவு, கவனச் சிதறல் ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்குகின்றன என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்ததால், அவை வந்தபோது எனக்கு அச்சம் ஏற்படவில்லை. நிறுத்தும் நாளை நானே குறிக்கும்படி செய்து, அந்த நாளை ஒட்டி அவர்களே திரும்ப அழைத்தும் விசாரித்தார்கள். யாரோ ஒருவர் அழைத்துக் கேட்பார் என்ற எண்ணத்துக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பது, தனியாகப் போராடிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இந்தச் சேவையின் வரம்புகளும் உண்டு. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் இயங்குகிறது; திங்கட்கிழமை விடுமுறை. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும், சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடிக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கும் தேவைப்படும் நேரம் அதற்குப் பிந்தையது. ஆலோசனை மட்டுமே கிடைக்கும், மருந்து வராது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய உதவி மையங்கள் சூயிங்கத்தையும் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைகளையும் அஞ்சலில் இலவசமாக அனுப்புகின்றன. இங்கும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தால் மிகுதியாகப் பயன்பெறுபவர்கள் பீடி புகைப்பவர்களாக இருப்பார்கள். சிகரெட் புகைப்பவருக்குச் சூயிங்கத்தின் செலவு பழைய செலவுக்குள் அடங்கிவிடக்கூடியது. ஒரு கட்டுப் பீடியோடு நாளை ஓட்டும் கூலித் தொழிலாளிக்கு அது பெரிய கூடுதல் சுமை. சூயிங்கத்தின் மீதான என் மிகப் பெரிய மனக்குறை இதுதான், அது அந்தப் பொருளின் தரத்தைப் பற்றியதே அல்ல என்றபோதிலும்.

நேரில் பேச விரும்புபவர்களுக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புகையிலை நிறுத்த மையம் இருக்கிறது. 2002-இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட 13 மையங்களில் அதுவும் ஒன்று. அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இத்தகைய மையங்கள் இயங்குகின்றன. சூயிங்கம் மட்டும் போதாதவர்களுக்கு, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துத் தருவது, வரெனிக்ளின் அல்லது புப்ரோபியான் மாத்திரை தருவது போன்ற வழிகளை அங்குள்ள மருத்துவர்களே முடிவு செய்வார்கள். வரெனிக்ளினையும் புப்ரோபியானையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது.

ஐந்துக்கு மதிப்பெண் என்றால், முறையாக மெல்லப்படும் சூயிங்கத்துக்கு நான்கு. தமிழ் வழிகாட்டி இல்லாமல் விற்கப்படும் நிலையில் அதற்கு இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை. தொலைபேசி ஆலோசனைக்கு நான்கரை. வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பே அந்த எண்ணை அழைத்து, நிறுத்தும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாள் சூயிங்கத்தை வாங்குங்கள். ஒரே அட்டையாக இல்லாமல், முதல் வாரத்துக்கு வேண்டிய அளவு முழுவதையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் துண்டு தீர்ந்துபோன இரவில் மருந்துக் கடை மூடியிருக்கும், பெட்டிக்கடை திறந்திருக்கும்.