பாயின்டரா, ஸ்பேனியலா?

பறவை வேட்டைக்கு முதல் நாய் வாங்குகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலை: பாயின்டர் மோப்பம் பிடித்ததும் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிடும். ஸ்பேனியல் நிற்காது, புதருக்குள் பாய்ந்து பறவையைக் கிளப்பிவிடும்.

தூரம்: பாயின்டர் 200 மீட்டர் தள்ளிப் போனாலும் கவலையில்லை, நீங்கள் போய்ச் சேரும்வரை காத்திருக்கும். ஸ்பேனியல் 30, 35 மீட்டரைத் தாண்டினால் பறவை துப்பாக்கிக்கு எட்டாமல் போய்விடும். பழக்குவதில் முக்கால்வாசிப் பாடு இதுதான். விசில் ஊதினால் திரும்ப வேண்டும், பறவை எழும்பியதும் சட்டென்று உட்கார வேண்டும். நாய் துரத்திக்கொண்டு ஓடினால் உங்களால் குறிபார்க்கவே முடியாது, நாய்க்கும் ஆபத்து.

இடம்: திறந்த புல்வெளிக்குப் பாயின்டர். முட்புதருக்கு ஸ்பேனியல்.

பராமரிப்பு: பாயின்டரின் குட்டை முடியைத் துடைத்தால் போதும், ஆனால் குளிர் தாங்காது. ஸ்பேனியலின் காதைப் புரட்டிப் பாருங்கள், ஒட்டுமுள் சிக்கியிருக்கும். அப்படியே விட்டால் சீழ்தான்.

எடுத்துவருவது: அடிபட்ட பறவையைத் தேடிக் கொண்டுவருவதில் ஸ்பேனியல் கெட்டி. பாயின்டர்களில் பல அதில் ஏனோதானோ.

அப்புறம், பலர் யோசிக்காத ஒன்று: குஞ்சுகள் வளர்ந்தபின், வேட்டைப் பருவம் தொடங்குமுன், எத்தனை பறவை இருக்கிறது என்று எண்ணித்தான் எவ்வளவு சுடலாம் என முடிவுசெய்ய வேண்டும். பரந்த வெளியில் பறவை இருக்கும் இடத்தை நின்று காட்டுவதால், அதற்குப் பாயின்டர்தான் கைகொடுக்கும்.

பரந்த வெளியும் கணக்கெடுப்பும் என்றால் பாயின்டர். அடர்ந்த புதர், ஒரே நாய்தான் வைத்திருக்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனியல்.