எலும்புக் கட்டி: மெல்லிய ஊசியா, கோர் பயாப்ஸியா?

கழுத்துக் கட்டி, தைராய்டு கட்டி என்றால் எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை) இன்று சின்ன ஊர்களில்கூட நடக்கிறது. அதே பழக்கத்தில் எலும்புக் கட்டிக்கும் 'ஒரு ஊசி போட்டுப் பார்த்துடலாம்' என்பார்கள். யோசனை புதிதல்ல. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்கள் 1931-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

எஃப்.என்.ஏ.சி.யின் பலம் வேகமும் குறைந்த செலவும். தையல் கிடையாது, ஸ்லைடை அன்றைக்கே பார்த்துவிடலாம். வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோய், மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்), சிகிச்சை முடிந்த கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்ற சந்தேகம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் எலும்பின் வெளிச்சுவரைக் கட்டி அரித்திருந்தால்தான் அந்த ஊசி உள்ளே இறங்கும். சுவர் உறுதியாக இருந்தாலோ, கட்டியே கல் மாதிரி இறுகியிருந்தாலோ வெறும் ரத்தம்தான் வரும். அந்த ரிப்போர்ட்டில் 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்று இருப்பதை நம்பி நிம்மதியடைய முடியாது.

எலும்பிலேயே முளைத்த கட்டி என்று எக்ஸ்ரே சொன்னால், என் ஓட்டு கோர் பயாப்ஸிக்குத்தான். ஜாம்ஷிடி மாதிரியான தடித்த ஊசியை சி.டி. ஸ்கேன் பார்த்தபடி செலுத்தி, திசுவையே ஒரு துண்டாக எடுக்கிறார்கள். செல்லோடு அது இருக்கும் அமைப்பும் கிடைத்துவிடுகிறது. கட்டி செல்கள் தாங்களே எலும்புப் பொருளை உண்டாக்குகின்றனவா என்பதுதான் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுக்கு முக்கியச் சாட்சி. துண்டில் அதைத் தேடுவது சுலபம். யூவிங் சார்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றும் சிறிய உருண்டை செல்களாக ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய சிடி99 (CD99) என்ற புரதத்தைத் தேடுவது போன்ற சோதனைகளும் மரபணுச் சோதனையும் வேண்டும், அதற்குத் திசு மிச்சம் இருக்க வேண்டும். காசநோயும் கட்டி வேஷம் போடும் என்பதால் ஒரு பகுதியை கல்ச்சருக்கும் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. துண்டை ஸ்லைடாகச் சீவும் முன் அதிலுள்ள கால்சியத்தைக் கரைக்கச் சில நாட்கள் ஆகலாம். கடும் அமிலத்தில் ஊறவைத்தால் டி.என்.ஏ. கெட்டுவிடும். குருத்தெலும்புக் கட்டி சாதுவா, மெதுவாக வளரும் புற்றா என்பதில் கோரும் தடுமாறும். அங்கே எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. பக்கத்தில் இல்லாமல் எந்த பேத்தாலஜிஸ்டும் (திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவர்) தீர்ப்பு எழுத மாட்டார்.

கோரிலும் விடை வராவிட்டால்தான் கீறி எடுக்கும் பயாப்ஸி. எந்த வகையானாலும், பயாப்ஸியை எங்கே எடுக்கிறார்கள் என்பது முக்கியம். அமெரிக்காவில் எலும்புக் கட்டி சர்ஜன் மேன்கினின் குழு 1982-ல் 329 நோயாளிகளின் பயாப்ஸிகளை அலசியது, 18.2 சதவீதத்தில் நோயறிதலில் பெரிய பிழை, 4.5 சதவீதம் பேருக்குத் தேவையற்ற உறுப்பு நீக்கம். 1996-ல் மறுபடி பார்த்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சிகிச்சை தரும் மையத்தில் அல்லாமல் வேறிடத்தில் பயாப்ஸி எடுத்தவர்களுக்குச் சிக்கல்கள் 2 முதல் 12 மடங்கு அதிகம்.

கோர் ஊசியோ கத்தியோ, போன பாதையில் புற்று செல்கள் ஒட்டியிருக்கலாம். அதனால் பின்னால் கட்டியோடு அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பது வழக்கம். காலைக் காப்பாற்றப்போகும் சர்ஜன்தான் எங்கே குத்துவது என்று முடிவு செய்ய வேண்டும், அதுவும் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு.