இரண்டாவது குழந்தைக்காக மும்பையில் சில பரிசோதனைகள்

ஊருக்குப் போன கையோடு பல் வைத்தியம் செய்துகொண்டு வருகிறவர்களும் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறவர்களும் பிரிட்டனில் நம்மிடையே ஏராளம். இந்தக் கோடை விடுமுறையில் நான் மும்பைக்குப் போனபோது மனத்தில் வேறொரு காரியம் இருந்தது. மாதவிடாய் ஏன் தன் இஷ்டத்துக்கு வருகிறது, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அடுத்த குழந்தை ஏன் உண்டாகவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை வாய்விட்டுப் பேசுகிறவர்கள் குறைவு. ஆகவே எது பயன்பட்டது, எது பணத்துக்குப் பிடித்த கேடு என்பதைக் கூச்சமில்லாமல் எழுதிவிடுகிறேன்.

இங்கத்திய ஏற்பாடு பலருக்கும் தெரிந்ததுதான். குடும்ப மருத்துவர் முதல்கட்ட ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவார். அதற்குமேல் காத்திருப்புப் பட்டியல். இங்கிலாந்தின் பல பகுதிகளில், தம்பதியரில் ஒருவருக்கு ஏற்கெனவே குழந்தை இருந்தால் என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் செலவில் ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை கிடையாது. காரணம் கண்டறிவதற்கு அந்தத் தடை இல்லை என்றாலும், இரண்டாவது குழந்தைக்காக வருகிறவளுக்கு யாரும் அவசரம் காட்டுவதில்லை. "அதுதான் ஒன்று இருக்கிறதே" என்று உறவினர்கள் சொல்லிக் கேட்டுப் பழகியவள் நான். அதையே அரசாங்க நடையில் படித்தபோது எரிச்சலைவிடச் சிரிப்புதான் வந்தது.

பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு வரலாம், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே வர வேண்டும், மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் ஒழுங்கு என்கிறார்கள். எனக்கோ சில முறை 40 நாள், சில முறை இரண்டு மாதம். கருமுட்டை எப்போது வெளியாகிறது, வெளியாகிறதா என்பதே தெரியாதபோது நாள் பார்த்து என்ன பயன்?

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர். அத்தை இன்னும் நைன்ட்டி ஃபீட் ரோட்டில்தான் இருக்கிறார். அண்ணன் குடும்பம் சயானில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அந்த மாடிப்படிகளில் காலை ஆறரை மணிக்கு ஏறி வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறான் ஓர் ஆய்வகப் பையன். மாலைக்குள் முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. இந்த வேகத்தைப் பார்த்து நான் மலைத்துப்போனது உண்மை. ஆனால் பதிவு செய்ய இந்தியக் கைப்பேசி எண் வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். என்னிடம் அது இல்லாததால் அண்ணன் எண்ணைக் கொடுத்தோம். விளைவு, என் தைராய்டு அளவு எனக்கு முன்னால் மதினிக்குத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டின்போது, "டி.எஸ்.எச். கொஞ்சம் கூட இருக்கிறதாமே, தாயி" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் விமான நிலையத்திலேயே ஒரு சிம் கார்டு வாங்கிவிடுவது நல்லது. குடும்பத்தில் ரகசியம் என்று ஒன்று வேண்டுமென்றால்.

அந்த ஆய்வகம் விற்ற 'கருவுறுதல் தொகுப்பு'தான் என் முதல் புகார். பத்துப் பன்னிரண்டு பரிசோதனைகளை ஒரே ஊசியில் முடித்துவிடுகிறார்கள். எந்த நாளில் எடுக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. சினைமுட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., தைராய்டு ஆகியவற்றை எந்த நாளிலும் எடுக்கலாம். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எடுத்தால்தான் அர்த்தம். கருமுட்டை வெளியானதா என்று காட்டும் புரொஜெஸ்ட்ரான் ஹார்மோன் அதைவிட மோசம். '21ஆம் நாள் பரிசோதனை' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது 28 நாள் சுழற்சி உள்ளவளுக்குச் சொன்ன கணக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் எடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவளுக்கு 21ஆம் நாளில் எடுத்தால், அந்தத் தாளில் பாதி வெறும் அலங்காரம்.

அடுத்து மேற்குப் புறநகரில் ஒரு பெரிய சிகிச்சை மையம். கண்ணாடிச் சுவர், காப்பி இயந்திரம், சிரித்த முகத்துடன் ஆலோசகர் என்று ஒரு பெண். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நான் லண்டன் பக்கமிருந்து வந்திருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாதத் தவணை வசதியோடு ஐ.வி.எஃப். திட்டத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டார். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் கணவரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. மட்டும் செய்யும் இடங்கள் முதல் நிலை, ஐ.வி.எஃப். செய்யும் இடங்கள் இரண்டாம் நிலை. சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது, அதில் குறையில்லை. சட்டம் பதிவைத்தான் கேட்கும், பொறுமையைக் கேட்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு அண்ணன் எண்ணுக்கு அவர்களிடமிருந்து வந்த அழைப்புகளுக்குக் கணக்கே இல்லை.

கடைசியில் உதவியது மாட்டுங்காவில் ஒரு மாடி அறையில் நோயாளிகளைப் பார்க்கும் தமிழ் மருத்துவர், அறுபதைத் தாண்டிய அம்மாள். கூட்டம் அதிகம், டோக்கன் முறை, நாற்காலிகள் போதாது. முறை வந்த பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முதல் பிரசவம் சிசேரியனா, நடுவில் கரு கலைந்து கருப்பையைச் சுரண்டி எடுத்தார்களா, மார்பில் இன்னும் பால் கசிகிறதா, முகத்தில் முடி கூடியிருக்கிறதா, எடை எவ்வளவு ஏறியது என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "வீட்டில் யாருக்காவது டி.பி. வந்ததுண்டா?" என்றார். இந்தக் கேள்வியை இங்கே பிரிட்டனில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. இந்தியாவில் காசநோய் சத்தமில்லாமல் கருக்குழாயையும் கருப்பையின் உட்படலத்தையும் கெடுத்துவிடுவது உண்டு, இருமல் எதுவும் இல்லாமலேகூட. தாத்தாவுக்கு வந்திருந்தது என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்.

விடுமுறை முடிவதற்குள் எல்லாம் ஆக வேண்டும் என்று நான் பறந்தபோது, "அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது" என்று சிரித்தார். ஆனால் என் நிலைமைக்கு ஏற்ற ஒரு வழியும் அவரிடம் இருந்தது. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. இல்லை என்று உறுதியான பிறகு சில நாள் புரொஜெஸ்ட்ரான் வகை மாத்திரை. அதை நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு வரும். அதன் இரண்டாம் நாளில் ரத்தமும் ஸ்கேனும். ரத்தப்போக்கு நின்றதும், பத்தாம் நாளுக்குள், கருக்குழாய் எக்ஸ்ரே. எனக்குத் தேதி தெரியாத மாதவிடாயை மாத்திரையால் ஒரு தேதிக்குக் கொண்டுவந்து, மற்ற எல்லாவற்றையும் அதன் பின்னால் வரிசையாகக் கோத்துவிட்டார். விடுமுறைக்கு வருகிறவர்கள் இதற்காகவே பயணத்தின் முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் போய்க் கதவைத் தட்டினால் கையில் கிடைப்பது அந்தத் தொகுப்புத் தாள்தான்.

ஸ்கேன் பரேலில். டாக்ஸி கே.இ.எம். மருத்துவமனை வாசலில் நெரிசலில் நின்றபோது, 1986 ஆகஸ்ட் 6 அன்று டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் குழு ஒரு சோதனைக்குழாய்க் குழந்தையை உலகுக்குக் கொண்டுவந்தது இங்கேதானே என்று நினைத்துக்கொண்டேன். அது மாநகராட்சியின் பொது மருத்துவமனை. கண்ணாடிச் சுவரும் தவணைத் திட்டமும் அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தவை.

ஸ்கேன் நிலையத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது, கருவின் பாலினம் இங்கே சொல்லப்படாது என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை. நாடு முழுவதற்குமான தடைச் சட்டம் 1994இல் வந்தது. மகாராஷ்டிரம் அதற்கு முன்பே 1988இல் தனிச் சட்டம் போட்ட மாநிலம். அத்தை என்னோடு துணைக்கு வந்திருந்தார். "அடுத்தது ஆணாகப் பிறந்துவிட்டால் நிம்மதி" என்று அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். பக்கத்திலிருந்த மராத்திப் பெண்மணிக்குத் தமிழ் புரியாதது நல்லதாயிற்று.

இரண்டு சினைப்பைகளிலும் கருமுட்டை வளரும் சின்னச் சின்ன முட்டைப்பைகள் நிறைய. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பி.சி.ஓ.எஸ். என்பதற்கு ஸ்கேன் மட்டும் போதாது என்று மருத்துவர் விளக்கினார். ஒழுங்கற்ற கருமுட்டை வெளியீடு, ஆண் ஹார்மோன் மிகுதி, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். 2003இல் ரோட்டர்டாமில் வகுத்த அளவுகோல் அது. 2023 சர்வதேச வழிகாட்டியின்படி, வயது வந்தவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். அளவையும் எடுத்துக்கொள்ளலாம். தைராய்டு, பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரொலாக்டின் ஆகியவற்றின் கோளாறுகளைத் தனியே பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். எனக்கு முதல் குழந்தை எளிதாகப் பிறந்ததே, பிறகு எப்படி இது என்று கேட்டேன். வயது, ஏறிய எடை, தைராய்டு என்று விரல்விட்டு எண்ணினார். எடை கூடியவர்களுக்கு அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வருவது உண்டாம். தைராய்டுக்குக் குறைந்த அளவில் மாத்திரை எழுதினார்.

கருக்குழாய் எக்ஸ்ரேயைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்வதில்லை. மருந்தைக் கருப்பைக்குள் செலுத்தும்போது அடிவயிற்றில் வலி சுருட்டிப் பிடிக்கிறது. சில நிமிடங்கள்தான், ஆனாலும் வலி வலிதான். ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். போட்டும் பல்லைக் கடித்தேன். உடை மாற்றும் அறையில் கொக்கிகூட இல்லை. கதவைப் பாதி திறந்து வைத்தபடியே அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். திரைச்சீலை ஒன்று மாட்ட எவ்வளவு செலவாகிவிடும்? இரண்டு குழாய்களும் திறந்திருந்தன. கருப்பையின் உள்வடிவமும் சீராக இருந்தது. பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

என் கணவர் கடைசிப் பகுதிக்குத்தான் வந்து சேர்ந்தார். மருத்துவரம்மாள் அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் பரிசோதனைத் தாள் எங்கே?" அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவராகவும் நினைக்கவில்லை. ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு அப்பா ஆயிற்றே என்ற நினைப்பு. இரண்டு முதல் ஏழு நாள் உறவில் இடைவெளி விட்டு விந்து மாதிரி கொடுக்க வேண்டும், முடிவு மறுநாளே. உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், மொத்தத்தில் 42 சதவீதம் அசைவு என்பவை கீழ் எல்லைகள். அவருக்கு எண்ணிக்கை சரி, அசைவு எல்லைக்குச் சற்றுக் கீழே. ஒரு தாளை வைத்து முடிவு கட்டக் கூடாது, விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார் மருத்துவர். மடிக்கணினியை மடிமேல் வைத்து வேலை செய்வதையும் நிறுத்தச் சொன்னார். நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்த ஃபைலை அன்று முதல் கணவர் தூக்கினார்.

லெட்ரசோல் மாத்திரையை எழுதித் தாருங்கள், இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். கருமுட்டையை வெளியேறச் செய்ய முதலில் தரும் மருந்து அது. இந்தியாவில் 2011இல் இந்த உபயோகத்துக்குத் தடை போட்டு, 2017இல் தடையை நீக்கினார்கள். அந்த ஆறு வருடமும் எங்கள் கை கட்டப்பட்டிருந்தது என்றார் மருத்துவர். ஆனாலும் எனக்கு எழுதித் தரவில்லை. முட்டைப்பை எத்தனை வளர்கிறது, எவ்வளவு வளர்கிறது என்று ஸ்கேன் பார்த்தபடி தர வேண்டிய மருந்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பது அவர் கட்சி. இரட்டைக் குழந்தைகளுக்கான வாய்ப்பும் அதில் உண்டு. கேட்ட மருந்தைத் தரமாட்டேன் என்று சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. அத்தை வாங்கி வைத்திருந்த மலைவேம்புச் சாற்றுக்கும் அதே பதில். மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். அத்தைக்கு வருத்தம். பதிலாகத் தாராவிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டார். அதற்கு மருத்துவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

மொத்தச் செலவு லண்டனில் தனியாரிடம் முதல் ஆலோசனைக்கும் ஒரு ஸ்கேனுக்கும் ஆகும் தொகையை எட்டவில்லை. சில இடங்களில் வெளிநாட்டு வங்கி அட்டை செல்லவில்லை, ரொக்கம் கையில் இருக்கட்டும். ரசீது, எக்ஸ்ரே படம், மருத்துவர் கைப்பட எழுதிய சுருக்கம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தருவதில்லை.

இன்னொன்று அளவைகள். இந்திய ஆய்வகங்கள் ஏ.எம்.எச். அளவை நானோகிராமில் தருகின்றன, பிரிட்டனில் பிகோமோல். முன்னதை 7.14ஆல் பெருக்க வேண்டும். என் 6.8 என்பதைப் பார்த்த இங்கத்திய இளம் மருத்துவர் சினைமுட்டை குறைவு என்று முகத்தைச் சுருக்கினார். பெருக்கினால் ஏறக்குறைய 48.5, அதாவது மிகுதி. கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு திருத்திக்கொண்டார். ரத்தப் பரிசோதனைகளில் இரண்டை மட்டும் மறுபடி எடுத்தார், கருக்குழாய் எக்ஸ்ரேயை அப்படியே ஏற்றுக்கொண்டார். கணவரின் இரண்டாவது பரிசோதனைக்கு எழுதித் தந்துவிட்டு, மாத்திரை மூலம் கருமுட்டையை வெளியேறச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவமனைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.