ஸ்பிரிங்கை அறுப்பதா, புதிதாகச் சுற்றுவதா? பழைய ஆல்டுராவை இறக்கிய கணக்கு

பலேனோ என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் ஹேட்ச்பேக்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதற்கு முந்தைய பலேனோ. 1590 சிசி பெட்ரோல் இன்ஜினோடு வந்த செடான். அதன் பின்பக்கத்தை நீட்டி, கூரையில் ரெயில் வைத்து, பின்கண்ணாடிக்கு வைப்பர் கொடுத்து மாருதி விட்ட ஸ்டேஷன் வேகன்தான் ஆல்டுரா. "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே" என்று நம் ஆட்கள் முகம் சுளித்ததில் அதிகம் விற்கவில்லை. அதனால்தான் எனக்கு மலிவாகக் கிடைத்தது.

நீளமான வண்டி, சிறிய சக்கரம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முன்பக்கம் நான்கு விரல் நுழையும். வேகன் அழகாகத் தெரிய வேண்டும் என்றால் வண்டி தாழ்ந்து அந்த இடைவெளி போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இருக்கிற ஸ்பிரிங்கை அறுப்பது, அளவு கொடுத்துப் புது ஸ்பிரிங் சுற்றுவது, காயில்ஓவர் வாங்கி மாட்டுவது. நான் இரண்டாவதை எடுத்தேன். நடுநிலையாக எழுதப் போவதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காயில்ஓவரை முதலில் முடித்துவிடலாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதியாக வரும். மரையைத் திருகி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். நண்பரின் பழைய செடானில் ஒரு நாள் முழுக்கப் போய்ப் பார்த்தேன். வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போனது, பள்ளத்தில் முதுகைப் பதம் பார்த்தது. இரண்டு மழைக்காலம் கழித்து அந்த மரை துருப்பிடிக்காமல் திரும்புமா என்பதைச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. விலை மட்டும் நன்றாகத் தெரியும். என் வண்டியை வாங்கிய தொகையில் பாதிக்கு மேல் போயிருக்கும். பட்ஜெட் என்று பேச ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கம் போவதில் அர்த்தமில்லை.

மிச்சம் இரண்டு. அறுப்பதன் கவர்ச்சி எனக்கும் தெரியும். அரை நாள் வேலை, கூலியோடு இரண்டாயிரத்துக்குள் முடியும். மாலையில் வண்டி இறங்கி நிற்கும். "அறுத்தால் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆகிவிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு, நடப்பது நேர் எதிர். சுருளில் வேலை செய்யும் சுற்றுகள் எவ்வளவு குறைகின்றனவோ அந்த அளவுக்கு ஸ்பிரிங் கடினமாகும். 7 சுற்றில் ஒன்றரையை எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்தரை. கடினம் 27 சதவீதம் கூடும். கேஸ் வெல்டிங் நெருப்பால் அறுப்பவர்களிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள், சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். கிரைண்டரில் மெதுவாக, தண்ணீர் விட்டு விட்டு அறுத்தால் அந்தக் குறை இல்லை.

இந்த ஒன்றரைச் சுற்றுக் கணக்கு சும்மா எடுத்த உதாரணம் இல்லை. என் வண்டியே பின்பக்கம் அப்படி அறுக்கப்பட்டுத்தான் என்னிடம் வந்தது. வாங்கும்போது கவனிக்கவில்லை. பின்னால் கொஞ்சம் பதிந்து நிற்கிறதே, வயசான ஸ்பிரிங் போல என்று நினைத்துக்கொண்டேன். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பிரிங்கின் கீழ் நுனியை ஸ்டிரட் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) தட்டோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டுவார்களே, அதே கம்பி. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அந்தத் தட்டின் படியில் பதிந்து உட்கார வேண்டும். அறுத்த நுனி அதில் உட்காராது. சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்துவிடும், மேலே ஏறும்போது இடம் மாறி மோதும். சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

தெரியாமல் அதே வண்டியில் ஒருமுறை ஐந்து பேர், டிக்கி நிறையப் பை என்று வால்பாறை போயிருந்தேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ வருவதற்குள்ளேயே பின்னால் ரப்பர் கருகும் வாடை. வெளி மட்கார்டின் உட்பக்கத்தில் டயர் உரசியிருந்தது. இப்போது கணக்குப் போட்டால் புரிகிறது. பின்பக்கம் ஒரிஜினல் உயரத்திலிருந்து 50 மிமீ இறங்கியிருந்தது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கிவிடாமல் கடைசியில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொட மிச்சம் 30 மிமீதான் இருந்தது. ஆளும் பையுமாக ஒரு பின்சக்கரத்துக்கு 75 கிலோ கூடினால் அந்த 30 மிமீயும் காலி. ஸ்பிரிங்கே இல்லாமல் ரப்பர் கட்டியின் மேல் மலை ஏறியிருக்கிறோம். செடானை இறக்குகிறவர்களுக்கு இந்தக் கவலை இவ்வளவு வராது. வேகனை வாங்குவதே பின்னால் பாரம் ஏற்றத்தானே.

இத்தனையும் சகித்துக்கொள்ளலாம், கொஞ்சம் குறைவாக அறுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லலாம். என்னை முடிவு செய்ய வைத்த காரணம் வேறு. அறுத்ததை ஒட்ட முடியாது.

சாதாரண வண்டி என்றால் இது பெரிய விஷயமில்லை, புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டுவிடலாம். ஆல்டுராவுக்கு முன்பக்கம் செடானோடு ஒத்துப்போகும். பானெட், ஹெட்லைட் எல்லாம் பழைய சாமான் கடையில் தேடினால் சிக்கும். பின்பக்கம் அப்படி இல்லை. டிக்கி கதவு, பின்கண்ணாடி, பின் விளக்கு எல்லாம் வேகனுக்கே உரியவை. பின் ஸ்பிரிங்குக்காக உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் நான்கு சனிக்கிழமை அலைந்தேன். கிடைத்தது செடானின் ஸ்பிரிங்தான். வேகன் பாரத்தை அது தாங்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஒரிஜினலுக்கு ஏன் இத்தனை அலைச்சல் என்றால், 15 வருடம் முடிந்த சொந்த உபயோக வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இறக்கிய வண்டியில் போகும்போது சட்டம் என் பக்கம் இல்லை என்று தெரிந்தேதான் போகிறேன். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். விற்கும்போதும் இதே கதைதான். இந்த வண்டியைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் பழசை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர். ஒரிஜினல் ஸ்பிரிங் இல்லை என்றால் அங்கேயே விலையைக் குறைப்பார், நானே அதைத்தான் செய்திருப்பேன்.

சரி, சுற்றும் கதைக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் பம்பு, வார்ப்படம், நெசவு இயந்திரம் என்று எதற்கும் ஸ்பிரிங் சுற்றித் தரும் சின்னப் பட்டறைகள் உண்டு. அதில் ஒன்றுக்குப் போனேன். கார் ஸ்பிரிங் என்றதும் பட்டறைக்காரர், "சாம்பிள் இருக்குதுங்களா? வண்டி பேர் சொன்னா எனக்கு வேலையாகாதுங்க" என்றார். சரியான கேள்வி. ஈரோட்டில் ஒரு ஆல்டுராக்காரர் தன் வண்டியின் பின் ஸ்பிரிங் ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்தார். கம்பியின் தடிமன், வெளி விட்டம், பாரமில்லாத நீளம், சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றும் திசை, நுனி எப்படி முடிகிறது என்று எல்லாவற்றையும் வெர்னியர் வைத்து எழுதிக்கொண்டார்கள். கம்பி 11 மிமீ. பாரத்துக்குத் தாங்கட்டும் என்று 11.5 கேட்டேன். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கடினம் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் அந்த அரை மில்லிமீட்டருக்கு 20 சதவீதம் கூடிவிடும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். வண்டி ஒரிஜினல் உயரத்திலிருந்து 30 மிமீ இறங்க வேண்டும், எனவே 30 மிமீ குட்டையாகச் சுற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாட்டிப் பார்த்தால் இறங்கியது 15 மிமீதான். ஒரிஜினல் ஸ்பிரிங் வண்டியின் எடையில் 90 மிமீ அமுங்கும், கடினமான புதுசு 75தான் அமுங்கும். அந்த 15ஐ நான் கழிக்க மறந்துவிட்டேன். பட்டறைக்காரர் தப்பு தன்னுடையது இல்லை என்று நியாயமாகச் சொன்னார், இரண்டாவது ஜோடிக்குக் கம்பி விலையில் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். 45 மிமீ குட்டையாகச் சுற்றிய அந்த ஜோடிதான் இப்போது வண்டியில் இருக்கிறது. முன்பக்கத்துக்கு ஒரு ஜோடி 25 மிமீ இறங்குகிற மாதிரி. நான்கு சக்கரத்துக்கும், வீணான ஜோடியையும் சேர்த்து, பதினான்காயிரம் ஆயிற்று. அறுப்பதைப் போல ஏழு மடங்கு. ஒப்பிட்டால் இது மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வீணான ஜோடி என்றேன், அது வீணாகவில்லை. ஒரிஜினலுக்கு மிக அருகில் நிற்கிறது, பாரத்தை அதைவிட நன்றாகத் தாங்குகிறது. குடும்பத்தோடு தூரப் பயணம் என்றால் அரை நாள் ஒதுக்கி அதை மாட்டிக்கொள்கிறேன்.

30 மிமீக்கு மேல் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். ஆல்டுராவில் முன்னும் பின்னும் ஸ்டிரட்தான். வண்டி அதிகம் இறங்கினால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை மேல்நோக்கிச் சாயும், வளைவில் வண்டி முன்பைவிடக் கூடுதலாகச் சாய ஆரம்பிக்கும். பார்க்க ரேஸ் கார், ஓட்ட மாட்டுவண்டி. இன்னொன்று வேகத்தடை. இந்தியச் சாலைக் குழுமத்தின் அளவுப்படி அது 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் கட்டியது எதிரே வந்தால் எந்த வண்டியும் உரசாது. பொள்ளாச்சிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஊர்க்காரர்கள் தாரைக் கொட்டி எழுப்பிய மேடுதான் வரும். அதில் நான் இன்னமும் குறுக்காகத்தான் ஏறுகிறேன்.

சக்கரம், பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. 13 அங்குல 175/70 டயரை எடுத்துவிட்டு, பழைய 15 அங்குல அலாயில் 195/50 போட்டேன். டயரின் மொத்த உயரம் 575 மிமீக்கு 576, ஸ்பீடோமீட்டர் கெடாது. வீல் அலைன்மென்ட்டை ஸ்பிரிங் மாட்டிய அன்றே ஒருமுறையும், இரண்டு வாரம் ஓடி அமர்ந்த பிறகு ஒருமுறையும் பாருங்கள். இரண்டாவதைத் தவிர்த்தால் டயரின் உள்விளிம்பு தேயும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. நிறம் மாற்ற வேண்டாம், ஆர்.சி.யில் ஏற்ற அலைய வேண்டும். கூரை ரெயிலுக்குக் கறுப்பு அடித்ததும் ஹெட்லைட் மஞ்சளைத் தேய்த்து எடுத்ததுமே பாதி அழகைத் தந்துவிட்டன, செலவு ஆயிரத்துச் சொச்சம்.

முன் ஸ்பிரிங் ஒரிஜினல் ஜோடி பரணில் இருக்கிறது. கிரீஸ் தடவி, சணல் சாக்கில் சுற்றி, இடது வலது என்று எழுதிக் கட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே அறுத்த பின் ஸ்பிரிங் இரண்டும் கிடக்கின்றன, அந்தக் கட்டுக்கம்பியோடு. இரும்பு வாங்குகிறவர் இரண்டு முறை கேட்டுவிட்டார், இன்னும் போடவில்லை.