வன்னி வெயிலில் ஐந்து ஆண்டுகள்: வீட்டில் பொருத்திய சுப்பர்சார்ஜர்

கிளிநொச்சியில் என் வீட்டுப் பின்வளவிலுள்ள தகரக் கொட்டகையில், 1992ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்ரர் கார் ஒன்றுக்கு நானும் அயலில் கராஜ் நடத்தும் ஓர் அண்ணையும் சேர்ந்து, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சுப்பர்சார்ஜர் பொருத்தி முடித்தது 2020 நவம்பரில். அன்றிலிருந்து அந்தக் கார் 31,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி ஏ9 வீதியில் வவுனியாவுக்குப் போய்வந்த வேலைப் பயணம். காரைப் பார்க்கும் எவரும் எத்தனை குதிரைவலு கூடியது என்றே முதலில் கேட்கிறார்கள். கொழும்பில், காரை நின்ற இடத்திலேயே ஓடவைத்து வலுவை அளக்கும் ஒரு டைனோவில் ஏற்றியபோது சக்கரத்தில் 137 வந்தது. அந்த எண்ணைப் பெற எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. அதை இந்த வெயிலிலும் தூசியிலும் இங்கே கிடைக்கும் பெற்றோலிலும் கெடாமல் வைத்திருக்க ஐந்து ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது வேலையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

மஸ்டா எம்எக்ஸ்-5 என்று உலகம் அறிந்த காரையே ஜப்பானில் 1989 முதல் யூனோஸ் ரோட்ஸ்ரர் என்ற பெயரில் விற்றார்கள். என்னுடையது 1.6 லீற்றர் எஞ்சின். சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் அமுக்க விகிதம் 9.4, புதிதில் 120 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. வளைவில் அது நடந்துகொள்ளும் விதத்தில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. ஆனால் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்குக் கீழே இழுவை போதாது. வெளிப்புகையால் சுழலும் டேர்போ வைத்தால் பொனற்றுக்குள் கூடுதல் வெப்பம் தேங்கும் என்பதால், பெல்ட்டில் ஓடும் சுப்பர்சார்ஜரைத் தெரிவு செய்தேன். கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களுக்கிடையே, டொயோட்டாவின் 4ஏ-ஜிஇசட்ஈ எஞ்சினில் வரும் எஸ்.சி. 12 சுப்பர்சார்ஜர் ஒன்று கையால் சுற்றிப் பார்த்தபோது உரசலின்றித் திரும்பியது. அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதன் வேலை கொல்லன் துருத்தியின் வேலைதான். உள்ளே இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று, ஒரு சுற்றுக்கு 1.2 லீற்றர் காற்றை எஞ்சின் பக்கம் தள்ளுகின்றன. 1.6 லீற்றர் நான்கு வீச்சு எஞ்சின் ஒரு சுற்றுக்கு விழுங்கக்கூடியது அதிகபட்சம் 0.8 லீற்றர். ஆகவே எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கும் சார்ஜரும் ஒரே வேகத்தில் சுற்றினாலே காற்று மிஞ்சி, உட்கொள் குழாயில் அழுத்தம் ஏறத் தொடங்கும். சுழலிகளின் இடுக்கால் கசிவதையும் வெப்பத்தால் விரிவதையும் கழித்துப் பார்த்தால் எங்களுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக 0.38 பார் கிடைத்தது. டொயோட்டா இதைவிடச் சிறிய புல்லி வைத்துச் சார்ஜரை வேகமாகச் சுழற்றியது உண்மை. ஆனால் அந்த எஞ்சினின் அமுக்க விகிதத்தை அவர்கள் 8.0க்குக் குறைத்திருந்தார்கள். பிஸ்ரனை மாற்றாமல் 9.4இல் அதே அழுத்தத்தை ஏற்றுவதற்கு நான் துணியவில்லை. இன்றும் துணிய மாட்டேன்.

காரணம் பெற்றோல். இங்கே எந்த நாளும் கிடைப்பது ஒக்டேன் 92; நான் வழக்கமாக அடிக்கும் நிலையத்தில் 95 சில வாரங்களில் இருக்கும், சில வாரங்களில் இராது. 95ஐ நம்பி எஞ்சினைச் சீர்செய்தால், அது இல்லாத வாரத்தில் கார் தட்டத் தொடங்கிவிடும்; ஒக்டேன் குறைந்த பெற்றோல் சிலிண்டருக்குள் கட்டுமீறித் தானாக வெடித்து எஞ்சினைக் கெடுப்பதைத்தான் தட்டல் என்கிறோம். இந்தத் தட்டலைக் காதால் பிடிப்பதில் அண்ணைக்கு இணையாக நான் ஒருவரையும் கண்டதில்லை. பொருளாதாரத் தடையிருந்த தொண்ணூறுகளில் வன்னியில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஒரு சிறு போத்தலில் இருந்து கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அது தட்டாதபடி தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைப்பது அவருக்கு அன்றாட வேலையாக இருந்திருக்கிறது. முதல் ஓட்டத்தில் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அவர், "தம்பி, அதை மூடிவைச்சிட்டுச் சத்தத்தைக் கேள். ரின்னுக்குள்ளை சில்லறை குலுக்கிற மாதிரிக் கேக்குதெல்லே? நேரத்தைப் பின்னுக்கு எடு" என்றார். முழு அழுத்தத்தில் ஆறு பாகை பின்தள்ளியதும் அந்தச் சத்தம் நின்றது. இன்றுவரை அந்த அமைப்பை முன்னே நகர்த்தவில்லை. 95 கிடைத்தால் நிரப்புகிறேன். ஆனால் எஞ்சின் 92க்கென்றே அமைக்கப்பட்டிருக்கிறது.

சார்ஜரை எஞ்சினோடு பிடித்து நிறுத்தும் தாங்கியும் பெல்ட்டும் எங்களை அதிகம் சோதித்தன. முதல் தாங்கியை ஆறு மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் வெட்டி, எஞ்சினில் இரண்டு போல்ற்றில் பொருத்தினோம். பார்வைக்கு உறுதியாகவே இருந்தது. மூன்றாம் மாதம் வெல்டிங் ஓரத்தில் தலைமயிர் அளவு வெடிப்பு ஓடியிருப்பதை, ஒயில் கசிவு தேடிக் குனிந்தபோது தற்செயலாகக் கண்டேன். நிறையைத் தாங்குவது இங்கே பெரிய விடயமல்ல. பெல்ட் ஓயாமல் ஒரு பக்கமாக இழுப்பதும், கியர் மாற்றும்போது அந்த இழுவை திடீரென்று விட்டுப் பிடிப்பதும்தான் தகட்டை வளைத்து வளைத்து வெடிக்கவைக்கின்றன. இரண்டாவது தாங்கியைப் பன்னிரண்டு மில்லிமீற்றர் தகட்டில் முக்கோணமாகச் செய்து, மூன்றாவது போல்ற் ஒன்றையும் எஞ்சின் புளொக்கில் பிடித்தோம். அது இன்றுவரை அசையவில்லை.

பெல்ட்டைப் பொறுத்தவரை, காரோடு வந்த நான்கு வரிப் பெல்ட்டே போதும் என்று நான் கருதியது பிழை. 5500 சுற்றுக்கு மேலே அழுத்தமானியின் முள் 0.38இல் இருந்து 0.25க்கு இறங்கியது, ரப்பர் கருகும் மணமும் வந்தது. கடைசல் பட்டறையில் ஆறு வரிப் புல்லிகள் செய்வித்தோம். சார்ஜர் புல்லியைப் பெல்ட் ஏறத்தாழ நூறு பாகையே சுற்றியிருந்ததால், பவர் ஸ்ரியரிங் பம்ப் இருந்த இடத்தில் ஓர் இடைப்புல்லியை வைத்து அந்தச் சுற்றை நூற்றறுபது பாகைக்கு மேலாக்கினோம். வழுக்கல் நின்றது; ஆனால் பெல்ட்டின் ஓரம் பிசிர் விடத் தொடங்கியது. இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இல்லாமல் ஒன்றரை மில்லிமீற்றர் விலகியிருந்தன. அந்த விலகலே ஒரு பெல்ட்டை 2000 கிலோமீற்றரில் தின்றுவிட்டது. நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்து, மென்தகடு கொடுத்துச் சரிசெய்த பிறகு ஒரு பெல்ட் 12,000 கிலோமீற்றர் வரை நிற்கிறது. யாராவது இந்த வேலையில் இறங்கினால், எஞ்சினை முதன்முறை இயக்குவதற்கு முன்னரே அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இந்த 1.6 எஞ்சினின் தொடக்க ஆண்டுத் தயாரிப்புகளில் கிராங்கின் முன்மூக்கு குட்டையாக இருக்கும். அதில் புல்லியைப் பூட்டும் சாவித்தடம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்குவது அந்த எஞ்சின்களில் நன்கு அறியப்பட்ட நோய். கிராங்க் புல்லியில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. என்னுடையதில் எட்டு. நான்கு இருந்திருந்தால், சார்ஜரின் இழுவையை அந்தக் கிராங்கில் ஏற்ற நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

அடுத்தது வெப்பம். முதல் ஐந்து மாதம், சார்ஜரில் இருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் இல்லாமலே ஓடினேன். அழுத்தம் குறைவு, தேவைப்படாது என்பது அப்போதைய எண்ணம். வெளியே 35 பாகை செல்சியஸ் இருந்த ஒரு சித்திரை நண்பகலில், மாங்குளத்துக்கு அண்மையில் லொறியொன்றை முந்தியபோது சார்ஜரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் காற்று 98 பாகையைத் தொட்டது. இவ்வகைச் சார்ஜர் காற்றைத் தன் வயிற்றுக்குள் அமுக்குவதில்லை. வெளியே தள்ளி, அங்கே திரும்பி வரும் அழுத்தத்தோடு மோதவிடுகிறது. அதனால் அதே அழுத்தத்துக்கு மற்ற வகைகளைவிடக் கூடிய வெப்பத்தைச் சேர்க்கிறது. சூடான காற்று தட்டலை வரவழைப்பதோடு, செறிவு குறைந்து பலத்தையும் தின்கிறது. பழைய டீசல் வான் ஒன்றின் இன்ரர்கூலரை முன்வாயில் பொருத்திய பின்னர் அதே வீதியில் அதே வெயிலில் 56 பாகைக்கு மேல் போகவில்லை. ஐந்து ஆண்டில் நான் செலவிட்ட பணத்தில் மிகப் பயன் தந்தது இதுவே.

அதற்கு ஒரு விலையும் உண்டு. இன்ரர்கூலர் ரேடியேற்றருக்கு முன்னே நிற்பதால் தண்ணீரின் சூடு ஏறியது. தடித்த இரட்டை வரி ரேடியேற்றர் போட வேண்டியதாயிற்று. நான் எதிர்பாராத இன்னொன்று பதர். காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் வீதியோரமெங்கும் நெல் காய்கிறது. காற்றில் பறக்கும் பதரும் வைக்கோல் துரும்பும் இன்ரர்கூலரின் செதில்களுக்குள் புகுந்து கம்பளிபோல் அடைத்துக்கொள்கின்றன. 2022 பங்குனியில் காற்றின் சூடு காரணமில்லாமல் பத்துப் பாகை கூடியிருந்தது. முன்பம்பரைக் கழற்றியபோது காரணம் கைநிறைய வந்தது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று கிளப்பும் செந்தூசி காற்று வடிகட்டியை அடைக்கிறது. ஒயில் தடவிய பருத்தி வடிகட்டியைக் கைவிட்டு, சாதாரணக் கடதாசி வடிகட்டியை 4000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சுழலிகளுக்கிடையே உள்ள இடுக்கு மிக நுண்ணியது. அங்கே மணல் போனால் சார்ஜரின் கதை முடிந்துவிடும்.

எரிபொருள் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தக் காரின் அசல் காற்றளவி ஒரு தட்டுக் கதவு. காற்று கூடக்கூட அது திறக்கும், முழுதாகத் திறந்த பின்னர் எவ்வளவு காற்று வந்தாலும் அதற்குத் தெரியாது. சார்ஜர் போட்ட எஞ்சினுக்கு அது உதவாது. அதைக் கழற்றிவிட்டு, அழுத்த உணரியை வைத்துக் கணக்கிடும் மெகாஸ்குவேர்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியை நானே பற்றவைத்துப் பூட்டினேன்; நிமிடத்துக்கு 330 கன சென்ரிமீற்றர் விடும் இன்ஜெக்ரர்களும், ஒரு படி குளிரான பிளக்குகளும் போட்டேன். முழுச் சுமையில் காற்று, பெற்றோல் விகிதம் 11.8, நிதானமான ஓட்டத்தில் 14.7. இரண்டாவது கியரில் 5000 சுற்று ஏறத்தாழ 67 கிலோமீற்றர் வேகம் என்பதால், வீதியில் செய்த அளவீடுகள் எல்லாம் 70 என்ற சட்ட எல்லைக்குள் முடிந்தன. அதற்கு மேற்பட்ட சுற்றுகளை டைனோவில் மட்டுமே பார்த்தோம். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் இதுவரை ஒருமுறையும் திரும்பி வரவில்லை.

2022இன் எரிபொருள் நெருக்கடியில் பெற்றோலைப் பங்கிடும் கியூ.ஆர் முறை வந்தபோது காருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். சார்ஜருக்கு முன்னர் லீற்றருக்குப் 13 கிலோமீற்றர் தந்த கார், பின்னர் 11தான் தந்தது. எஸ்.சி. 12இன் புல்லியில் மின்காந்தக் கிளச் இருப்பது அப்போது கைகொடுத்தது. கிளச்சுக்கு மின்சாரத்தை நிறுத்தினால் சார்ஜர் ஓய்ந்துவிடும், காற்று பக்கவழி வால்வால் போகும். அந்த மாதங்கள் முழுவதையும் அப்படியே ஓட்டி, 12.5 வரை மீட்டேன். சாதாரண நாட்களில் அக்கிளச் தானாக விழுந்தெழும்படி முதலில் அமைத்திருந்தோம். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் பெல்ட்டில் அடி விழுந்ததால், இப்போது டாஷ்போர்ட்டில் ஓர் ஆளிதான். புறப்படும்போது போட்டால் வீடு வந்தே அணைப்பேன்.

ஓட்டுவதற்கு எப்படி என்று கேட்டால், 2000 சுற்றிலேயே கால் வைத்த கணத்தில் இழுக்கிறது. ஆனையிறவு வெளியில் பக்கக்காற்று தள்ளும்போது பஸ் ஒன்றை முந்த வேண்டியிருந்தால் கியரைக் குறைக்கத் தேவையில்லை. அந்தச் சீரான இழுவைக்காக நான் பட்ட பாடு முழுவதும் தகும் என்றே மனதார எண்ணுகிறேன். குறைகளும் உள்ளன. காற்றுவழியைத் திறந்து மூடும் திரொட்டில் சார்ஜருக்கு முன்னே இருப்பதாலும் இடையில் நீண்ட குழாய்கள் இருப்பதாலும், காலை எடுத்ததும் சுற்று உடனே இறங்குவதில்லை. சந்திகளில் இது பழகும்வரை சங்கடம். பவர் ஸ்ரியரிங் போனதால் நகருக்குள் நிறுத்தும்போது தோள் வலிக்கும். ஏசி கம்பிரசர் ஏற்கெனவே பழுதாயிருந்ததால் அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டோம். நண்பகல் பயணத்தில் அதை நினைத்து வருந்துவதுண்டு.

மூன்றாம் ஆண்டு சார்ஜரின் முன்பெயரிங்கில் இரைச்சல் எழுந்தது. அதைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த ஒயில் கறுத்துத் தார்போல் இருந்தது. எஞ்சின் ஒயிலோடு தொடர்பில்லாத தனி ஒயில் அது. வாங்கிய நாளில் இருந்து நான் அதைத் திறந்து பார்க்காததே தவறு. பெயரிங்கும் சீலும் மாற்றி, புதிய ஒயில் விட்டுப் பூட்டினோம். ரூபாய் வீழ்ந்த பிறகு இந்தச் சிறு பொருட்களின் விலையும் கடுமையாக ஏறிவிட்டது. தொடக்கத்தில் மொத்த வேலைக்கும் நான்கரை இலட்சம் வரை போனது. பராமரிப்புக்கு மட்டும் அதன் பிறகு ஒன்றரை இலட்சம். இந்த இரண்டாவது தொகையைக் கணக்கில் எடுக்காமல் ஒருவரும் தொடங்க வேண்டாம்.

இந்த ஆண்டு எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கம் அளந்து பார்த்தோம். நான்கும் ஒன்றுக்கொன்று அருகிலேயே நின்றன. அண்ணை மானியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "இன்னும் ஓடும்" என்றார். வரும் மாசிக்கு முன்னர் இன்ரர்கூலருக்கு முன்னே பதரைத் தடுக்கும் வலைச்சட்டம் ஒன்றைக் கழற்றிக் கழுவக்கூடியதாகச் செய்ய வேண்டும். நுளம்பு வலை காற்றை மிகவும் மறிக்கிறது என்று பார்த்துவிட்டேன். அடுத்ததாக, கோழிக்கூட்டுக்கு அடிக்கும் நுண்கண் கம்பிவலையை வெட்டி வைத்திருக்கிறேன்.