தீச்சுடர் எரியும் வேத ஆப்: ஐந்துக்கு மூன்று, அதுவும் ஆடியோவுக்காக

போனில் பைபிள் வாசிக்கும் ஆப் ஒன்று, பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அச்சில் நாலைந்து இருக்கின்றன, திரையின் மூலையில் ஒரு சின்னத் தீச்சுடர், பக்கத்தில் ஓர் எண். தினமும் ஒரு அதிகாரமாவது வாசித்தால் எண் ஒன்று கூடும், ஒரு நாள் விட்டால் பூஜ்யம். ஏழு மாதம் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புராட்டஸ்டண்டுகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பையும் கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம், இது ஒன்றுக்காகவே இறக்கிக்கொள்ளலாம். நான் திருச்சியில் லுத்தரன் வீட்டில் வளர்ந்தவன், 'கிருபை' என்று கேட்டே பழகிய இடத்தில் திருவிவிலியத்தில் 'அருள்' என்று இருக்கிறது, 'நீதிமான்' இருந்த இடத்தில் 'ஏற்புடையவர்'. ரோமர் 3:28-ல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், மனுஷன் கிரியைகளால், அதாவது தன் செய்கைகளால் அல்ல, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற வசனம் அது. புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1522-ல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 'மட்டும்' என்ற பொருளில் ஒரு சொல்லை அந்த வசனத்தில் சேர்த்தார், மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம் என்று அவர் வாங்காத திட்டில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசத்தினாலேயே' என்று ஓர் ஏகாரம் சத்தமே போடாமல் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. இத்தனை வருடம் அந்த வசனத்தை வாசித்தும் எனக்கு இது கண்ணில் பட்டதில்லை.

தேடல் வசதியும் பரவாயில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் உடைகின்றன, அதைச் சரி செய்யலாம்.

அப்புறம் அந்தச் சுடர்.

பவுல் ரோமருக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்துக்கு 30 நாள் திட்டம் ஒன்று எடுத்தேன். நாலாம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார், வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபை என்று எண்ணப்படாது, கடன் என்று எண்ணப்படும். அதாவது உழைத்து வாங்கியதை யாரும் தானம் என்று சொல்ல மாட்டார்கள், கொடுத்தவன் கடனைத் தீர்த்திருக்கிறான், அவ்வளவுதான். இதை வாசித்து 'முடிந்தது' பொத்தானை அழுத்தினேன், திரை முழுக்கக் காகிதப்பூ கொட்டி, 'ஜெயவீரர்' என்று ஒரு வெண்கலப் பதக்கம் வந்தது. சிரித்துவிட்டேன். ஆனால் பதக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டதும் நான்தான், சித்தி மூன்று கைதட்டல் அனுப்பினார்.

சபையில் பிள்ளைகளுக்கு நடத்தும் திடப்படுத்தல் வகுப்பில், கேள்வி பதிலாக விசுவாசத்தைச் சொல்லும் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தவன் நான். என் சுயபுத்தியாலும் பலத்தாலும் இயேசுவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது, பரிசுத்த ஆவியானவர்தான் அழைத்தார் என்று விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கான விளக்கத்தில் வரும். ஒப்பிக்கும்போது ஒரு சொல் தவறினால் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வார். அப்போது அதில் இருந்த வேடிக்கை தெரியவில்லை.

138-ஆம் நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவு மருந்துக் கடை வரிசையில் கையில் சீட்டோடு நிற்கிறேன், 11.40-க்கு போன் அதிர்ந்தது. டாக்டர் அழைக்கிறாரோ என்று பதறி எடுத்தால், 'சுடர் அணைய இன்னும் 20 நிமிடமே!' என்று ஆப். கோபம் வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், நின்ற இடத்திலேயே சங்கீதம் 117-ஐத் திறந்தேன், வேதத்திலேயே சின்ன அதிகாரம் அதுதான், இரண்டே வசனம், நாலு விநாடியில் கீழே தள்ளிப் பொத்தானை அழுத்திவிட்டேன். சுடர் 138 ஆனது. அந்த இரண்டாம் வசனம் 'அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது' என்று தொடங்குகிறது, அதை நான் கவனித்தது அடுத்த வாரம்.

மறுநாள் மறந்தே போனது. பூஜ்யம். கூடவே ஒரு செய்தி, 79 ரூபாய் கட்டினால் போன சுடரை மீட்டுக்கொள்ளலாம்! காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான் 1517-ல் லூத்தர் 95 வாக்கியங்கள் எழுதினார், அதை இவர்கள் யூபிஐயில் விற்கிறார்கள். கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் பாவமன்னிப்புச் சீட்டு என்று போட்டது சரியில்லை, அது பாவத்துக்கு மன்னிப்பு கிடையாது, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையில் தள்ளுபடி என்று திருத்தினார். பார்த்தால் ஆப்பும் அப்படித்தான், விட்டுப்போன நாளை அது மன்னிக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் சரிக்கட்டிக் கொடுக்கிறது.

ஸ்ரீரங்கத்து சிநேகிதன் ஒருவன், நம் முயற்சியா கடவுளின் அருளா என்பது எங்கள் ஊரில் எப்போதோ பேசித் தீராத வழக்கு என்றான். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வைணவத்தின் இரண்டு பிரிவுகளில் வடகலைக்குக் குரங்கு, தென்கலைக்குப் பூனை. "உன் ஆப் குரங்குக்குட்டி, அதுவும் பிடியைத் தளர்த்தினால் பைசா கேட்கிற குரங்குக்குட்டி" என்றான்.

இதை வைத்து முயற்சியே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சுடர் இல்லாமல் எண்ணாகமத்தைச் சத்தியமாக முடித்திருக்க மாட்டேன். பவுலே எல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே என்கிறார். யாக்கோபு வேறு தன் நிருபத்தில் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார், லூத்தர் எரிச்சலில் அதை வைக்கோல் நிருபம் என்றாலும் வேதத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. என் சண்டை எண்ணோடுதான். அது 100-ஐத் தாண்டியபிறகு நான் வேதம் வாசிக்கவில்லை, எண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், காலையில் அதிகாரம் என்ன என்று கேட்டால் பதில் வராது, நாள் எத்தனை என்றால் டக்கென்று சொல்வேன்.

அம்மா வீட்டுக்கு வந்தபிறகு கண் சரியில்லை, ஆடியோதான். வாசிக்கும் குரல் நன்றாக இருக்கிறது, நாடகம் போடாமல், அவசரப்படாமல். என் போனிலேயே, கணக்கில் நுழையாமல் போட்டுவிடுவேன், அவருக்குச் சுடரும் கிடையாது பதக்கமும் கிடையாது. காலையில், "நேத்து எதுவரைக்கும் கேட்டீங்கம்மா?" என்றேன்.

"யாருக்குடா தெரியும், ரெண்டு வசனத்துலயே தூங்கிட்டேன். நல்லா இருந்துச்சு."

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: அமைப்புகளில் அறிவிப்புகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள். சுடரை முழுதாக எடுக்க முடியாது, மறைத்து வைக்கலாம். 79 ரூபாய் கட்டாதீர்கள். ஆடியோ தானாக நிற்கும் டைமர் இலவசப் பதிப்பிலேயே வருகிறது, குறைந்தபட்சம் 15 நிமிடம் வைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஐந்தே அதிகம்.